கண்ணாடி ஒட்டாத விரிசல்

பழைய வீடு வாங்குவதென்றால் தெருவே அந்தக் கொத்தனாரைத்தான் கூட்டிக்கொண்டு போகும். சுவரை விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்ப்பதால் அவருக்கு 'டொக்டொக்' என்றே பெயர் விழுந்துவிட்டது. விரிசல் கண்டால் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டு வைத்து ஒட்டுவார். ஒரு மாதம் கழித்துக் கண்ணாடி உடைந்திருந்தால் சுவர் இறங்குகிறது, வேண்டாம். முழுசாக இருந்தால் பயமில்லை, வாங்கலாம். ஊருக்கெல்லாம் இப்படி நிதானமாக நியாயம் சொன்ன மனுஷன், தன் வீடு என்று வந்தபோது அந்த ஒரு மாதம் பொறுக்கவில்லை.

அவர் மனைவி தையல்காரி. வாடகை வீட்டின் இருட்டு மூலையில் மெஷினைப் போட்டு, பகலிலும் விளக்கெரித்துத் தைத்துத் தைத்தே கண் கெட்டுப்போனது. அப்போது தெருமுனையில் ஒரு வீடு விலைக்கு வந்தது. கூரை ஒழுகல், குழாயெல்லாம் துரு, போதாக்குறைக்கு முன்னறையில் தரையிலிருந்து ஜன்னல்வரை ஒரு விரிசல். அவளோ விரிசலைப் பார்க்கவேயில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, மூக்குக்கண்ணாடி இல்லாமலே ஊசியில் நூல் கோத்துக் காட்டினாள்.

"கூரை, குழாயெல்லாம் மெதுவா பாத்துக்கலாங்க. நீங்கதான் இருக்கீங்களே," என்றாள்.

அங்கேதான் வந்தது வினை. கூரைக்கும் குழாய்க்கும் அவர் அஞ்சவில்லை. நாளைக்கு அந்தச் சுவர் வாயைப் பிளந்தால், கூட வேலை செய்கிறவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து தன்னைக் கிழிகிழியென்று கிழிப்பார்களே என்றுதான் பயம். இரண்டு தட்டுத் தட்டினார். அஸ்திவாரமே போய்விட்டது, திருத்துகிற செலவில் இன்னொரு வீடு கட்டலாம் என்று கையை உதறினார். சுவர் விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு.

யாரிடமும் கேட்காமல் ஒரு பஸ் டிரைவர் அதை வாங்கிவிட்டார். பழுது பார்க்கக் கூப்பிட்டது யாரை? இவரைத்தான். வழக்கப்படி கண்ணாடி ஒட்டினார். மாதம் ஒன்றாயிற்று, அதில் ஒரு கீறல்கூட இல்லை. பூச்சைக் கொத்திப் பார்த்தார். உள்ளே செங்கல் வரிசை அசையாமல் இருந்தது. வெடித்தது வெறும் பூச்சுதான், நாலு நாள் வேலை. அந்த நாலு நாளும் பூசிக்கொண்டே தன்னைத்தானே திட்டித் தீர்த்தார். அறிவுகெட்டவனே, அவள் கேட்டது ஒரே ஒரு ஜன்னல்தானே!

கடைசி நாள் மத்தியானம் அவள் சாப்பாடு கொண்டுவந்தாள். உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள்.

"செவுரு ரொம்ப மோசமாங்க?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தார். அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஆமா," என்றார். "மோசந்தான்."

"நல்லவேளை, நீங்க இருந்தீங்க. இல்லேன்னா நான் ஆசைப்பட்டு நம்மள மாட்டிவிட்டிருப்பேன்," என்று சொல்லி, அவருக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.