மாரிச்செல்வியின் கடைவாய்ப் பல்

என் மகள் மாரிச்செல்வி மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன தீபாவளி சீசனில் அவளுக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது. சோற்றைப் பார்த்தாலே அழுவாள். கிராம்பு வைத்தேன், கடை மாத்திரை கொடுத்தேன். நான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால், "பல் டாக்டர் இன்னைக்கு வரல, இன்னொரு நாள் வாங்கம்மா" என்றார்கள். சீசன் நேரத்தில் இன்னொரு லீவு யார் தருவார்? எங்கள் தெரு மாரியம்மனிடம் போய் அழுதேன்.

வலி நின்றுவிட்டது. தாய் கேட்டுவிட்டாள் என்று பூரித்துப் போனேன்.

சில நாளில் பிள்ளையின் கன்னம் வீங்கியது. பொன்னுக்கு வீங்கி என்றது தெரு. அது அம்மன் விளையாட்டு, ஊசி மருந்து கூடாது என்பது எங்கள் வழக்கம். தங்கச் சங்கிலி இரவல் வாங்கிக் கழுத்தில் போட்டேன். வேப்பிலை அரைத்துப் பூசினேன். வீக்கம் ஏறிக் கண்ணை மூடியது. உடம்பு அனலாய்க் கொதித்தது. வெள்ளிக்கிழமை அவளைத் தூக்கிப் போய்ச் சன்னதியில் கிடத்தினேன். "தாயே, எனக்கு ஒண்ணும் தெரியல. நீயே பாத்துக்கோ" என்றேன்.

அன்று சாமி கும்பிட எங்கள் முதலாளியம்மா வந்திருந்தார். பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அதுவரை யாருமே பார்க்கவில்லை, நானும்தான். "இது பொன்னுக்கு வீங்கி இல்லம்மா, பல்லுல சீழ் வச்சிருக்கு. கார்ல ஏறு" என்றார். தன் மகளுக்குப் பல்லில் கம்பி போட்ட சிவகாசி டாக்டரிடம் சேர்த்தார். அங்கே என் மகள் வயதுப் பிள்ளைகள் பல் வரிசையாக அமைவதற்காக வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"பல்லு செத்துட்டா வலி நிக்கும்மா. இன்னும் விட்டிருந்தா பிள்ளை தப்பிக்கிறதே கஷ்டம்" என்றார் டாக்டர். சீழை எடுத்துப் பல்லைப் பிடுங்கினார். அது திரும்ப முளைக்கும் பல் இல்லையாம்.

பிள்ளை பிழைத்தாள். அந்த நேரத்துக்கு முதலாளியம்மாவை அனுப்பியது அம்மன்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காணிக்கைக்கு வெள்ளி உருவம் வாங்கப் போனேன். கண், கை, கால், தொட்டில் எல்லாம் இருந்தன. பல் கேட்டேன். "பல்லுக்கெல்லாம் யாரு தாயி நேர்ந்துக்கிடுறாக?" என்றார் கடைக்காரர். முகம் வாங்கி அம்மன் உண்டியலில் போட்டேன்.

இப்போது தெருப் பிள்ளைகள் சிரித்தால் என் கண் பல்லுக்குத்தான் போகிறது. பாதிப் பேருக்குக் கறுத்துக் கிடக்கிறது. அவர்கள் அம்மாமாரிடம் சொன்னால், "எங்கன கூட்டிட்டுப் போகச் சொல்லுதீக?" என்கிறார்கள்.

அம்மனை நம்புங்கள், கைவிட மாட்டாள். கன்னம் வீங்கினால் வாயையும் திறந்து பாருங்கள். எங்கள் பக்கத்துக்கு ஒரு பல் டாக்டர் வரவேண்டும் என்று என்னோடு சேர்ந்து அவளிடம் கேளுங்கள். நான் ஒருத்தி கேட்டதில் ஒரு பிள்ளைதான் பிழைத்திருக்கிறது.