அப்பா ஒடிக்காத கதிர்

அப்பாவை எடுத்த அன்று அக்காவும் அத்தானும் பாபநாசத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்கள். எங்கள் தெருவில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். கடைசி அறுப்பு நடந்துகொண்டிருந்ததால் பாதிப்பேர் வயலிலிருந்து நேரே வந்து, அரிவாளை வேலியில் செருகிவிட்டு நின்றார்கள். விவசாயத் தொழிலாளர் சங்கத்திலிருந்து ஆறு தோழர்கள் கொடியோடு வந்தார்கள். மிராசுதார் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. அவர்களுடைய பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் மட்டும் மதகு வரைக்கும் சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை. ஒரு காலை மதகில் ஊன்றிக்கொண்டு, “எல்லாரும் இங்கயே நின்னா அங்க அறுக்கிறது யாருடா?” என்று கேட்டார். யாரும் நகராததால் திரும்பிப் போனார்.

ஓராண்டு நிறைவில் இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களும் நண்பர்களும் அப்பாவை நன்றாக அறிந்தவர்கள். அவர் எப்படி உழைத்தார் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவருடைய ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர், எப்படிப் போயிற்று என்பதைப் பற்றி மட்டும் ஊரில் பலவிதமாகப் பேச்சு இருக்கிறது. அதை முழுதாகச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். அதனால் எழுதுகிறேன்.

அப்பா நன்னிலத்துக்குக் கிழக்கே எங்கள் ஊரிலேயே பிறந்தவர். பிறந்த தேதி தெரியாது. பெரிய புயல் அடித்த வருடம் தவழ்ந்துகொண்டிருந்ததாகச் சொல்வார்கள். எட்டு வயதில் மிராசுதார் வீட்டு எருமைகளுக்குப் பின்னால் போனவர், மீசை முளைத்ததும் ஏருக்குப் பின்னால் போனார். ஆட்சி மாறி, பண்ணைகளில் சங்கக் கொடி ஏறி, கூலித் தகராறு ஊருக்கு ஊர் நடந்தபோது, பெரிய மிராசுதார் தம் நிலத்தில் கொஞ்சத்தைக் குத்தகைக்கு விட்டார். அப்பாவுக்கு ஒன்பது மா கிடைத்தது. குத்தகை, சாகுபடிக்கு முப்பத்தாறு கலம் நெல்; ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். எங்கள் வம்சத்தில் தன் சாகுபடி என்று ஒரு வரப்பில் நின்ற முதல் மனிதர் அப்பா. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்பட்ட முதல் பிள்ளை நான்.

கும்பகோணத்தில் தாவரவியல் படித்தபோது, எங்கள் வட்டாரத்துச் செடிகொடிகளில் பிடிக்கும் பூஞ்சைகளைச் சேகரித்து வகைப்படுத்தும் வேலையைப் பேராசிரியர் எனக்குக் கொடுத்தார். எனக்காக இலை பறித்தவர் அப்பாதான். வேலை முடிந்து வரும் வழியில் உளுந்து, அவரை, வாழை, பூவரசு என்று எதில் புள்ளி கண்டாலும் பறித்து, மடியில் கட்டிக் கொண்டுவருவார். முதல் தடவை கொடுத்த இலைகள் பளபளவென்று இருந்தன. வாய்க்காலில் அலசியிருந்தார்.

“ஏம்ப்பா கழுவுனீங்க? எனக்கு வேண்டியதே அந்த அழுக்குதான்.”

“அழுக்கையா தம்பி படிக்கிற?” என்று சிரித்தார். “அம்மாகிட்ட சொல்லாத. இதுக்கா பஸ்ஸுக்குக் காசு குடுக்குறோம்னு கேப்பா.”

அப்புறம் அவர் கழுவவே இல்லை. அவராகவே மூன்று கட்டுகளாகப் பிரித்து வைக்கோல் பிரியால் கட்டிவைப்பார். தொட்டால் விரலில் வெள்ளையாக ஒட்டுவது ஒன்று. மஞ்சளாக ஒட்டுவது ஒன்று. எவ்வளவு துடைத்தாலும் போகாதது ஒன்று. சாம்பல் நோய், துரு நோய், இலைப்புள்ளி என்று நான் புத்தகத்தைப் பார்த்துப் பிரித்ததும் கிட்டத்தட்ட அதுவேதான். அறுபத்து மூன்று தாள்களில் இலைகளை ஒட்டி, ‘சேகரித்தவர்’ என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுதினேன். அந்தத் தாள் ஒன்றை அவரிடம் காட்டியபோது, தன் பெயர் எது என்று கேட்டு, அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

அதற்கடுத்த சம்பாவில் ஒன்பது மாவும் கதிர் வந்த பிறகு வெளுத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் பூத்த நாணல் மாதிரி இருந்தது. அத்தனையும் சாவி, உள்ளே மணி பிடிக்காத பதர். நோயால் விளைச்சல் போனால் குத்தகையைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம் என்று சங்கத்துக்காரர்கள் சொல்லி, அப்பா வருவாய் நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தார். என்ன நோய் என்று படித்தவர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் நல்லது என்றார்கள். அப்பா வேறு யாரிடமும் கேட்கவில்லை. கும்பகோணத்துக்கு வந்து, விடுதி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, ஒரு கட்டு இலையைக் கொடுத்தார். கழுவாத இலை.

நான் நுண்ணோக்கியில் பார்த்தேன். படகுபோல் வளைந்த கரிய வித்துகள் தெரிந்தன. அது செம்புள்ளி நோய். நான் பார்த்ததில் பிழையில்லை. அந்த இலையில் இருந்தது அதுதான். எங்கள் பக்கத்தில் முற்றிய நெல் இலை எதை எடுத்தாலும் அது கொஞ்சம் இருக்கும். கதிரை வெளுக்கச் செய்த நோய் இலையில் இல்லை, கதிரின் கழுத்தில் இருந்தது. கதிர் ஒன்று கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்பா தாமாகக் கொண்டுவரவும் மாட்டார். களத்தில் நெல் அளந்து குத்தகையைக் கொடுக்கும்வரை ஒரு கதிரைக்கூடத் தொடக்கூடாது என்று வளர்ந்தவர். அவருடைய அண்ணன் பதினைந்து வயதில் பசிக்கு நாலு கதிரைக் கசக்கித் தின்றதற்காக, களத்துக் கம்பத்தில் ஒரு பகல் முழுக்கக் கட்டப்பட்டிருந்ததை நேரில் பார்த்தவர்.

செம்புள்ளி நோய் என்று கல்லூரித் தாளில் எழுதினேன். அதற்குக் கீழே, ‘இந்நோய் வளம் குன்றிய, உரிய உரம் இடாத நிலங்களில் மிகுதியாகக் காணப்படும்’ என்று ஒரு வரியும் எழுதினேன். அந்த வரியை யாரும் கேட்கவில்லை. படித்தவன் எழுதியது என்று தெரியட்டும் என்று நானே சேர்த்தேன்.

விசாரணை நாளில் நானும் கூடப் போயிருந்தேன். அப்பா அந்தத் தாளைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோய், தம் கையாலேயே அதிகாரியிடம் கொடுத்தார். “என் மகன் எழுதுனதுங்க” என்றார். காரியக்காரர் அதை வாங்கிப் பார்க்க அனுமதி கேட்டார். பார்த்தவர் அந்தக் கடைசி வரியை உரக்கப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

“உரம் போடலன்னு நாங்க சொன்னா மிராசுதார் அநியாயம்னு கொடி புடிப்பானுவ. இப்ப இவன் பெத்த புள்ளயே எழுதியிருக்கான், பாருங்க.” அப்பாவிடம் திரும்பி, “படிக்க வச்சியே, நல்லாதான்டா படிச்சிருக்கான்” என்றார். அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அப்பாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பயிரைப் பேணாமல் விட்டவர் என்று தீர்ப்பாயிற்று. தள்ளுபடி கிடையாது. முப்பத்தாறு கலத்தையும் அப்பா உழவுமாட்டையும் அம்மாவின் தோட்டையும் விற்று வாங்கி அளந்தார். அதையும் கொடுத்த பிறகு, அதே தீர்ப்பைக் காட்டி நிலத்தை விட்டு இறங்கச் சொன்னார்கள்.

மறு வருடம் பண்ணையே அந்த ஒன்பது மாவையும் சாகுபடி செய்தது. அப்பா அதே வயலில் கூலிக்கு நாற்று விட்டார், களை பறித்தார். மார்கழியில் கதிர்கள் மறுபடி வெளுத்தன. விடுமுறைக்கு வந்திருந்த நான் பட்டப்பகலில் வயலில் இறங்கி ஒரு கதிரை ஒடித்தேன். கழுத்து கறுத்திருந்தது. கல்லூரிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். பேரிக்காய் வடிவில், மூன்று அறைகளோடு, கண்ணாடிபோன்ற வித்துகள். குலை நோய். உரத்தைக் குறைத்துப் போட்ட வயலில் அது இப்படி அடிப்பதில்லை; தழைக்கத் தழைக்க உரம் போட்ட வயலில்தான் அடிக்கும். முந்தின வருடம் அப்பா கடன் வாங்கி மூட்டை மூட்டையாக யூரியா போட்டிருந்தார்.

பொங்கலுக்கு வந்து சொன்னேன். “அப்பா, அது செம்புள்ளி இல்ல. குலை நோய். நீங்க நல்லா உரம் போட்டதாலதான் வந்துச்சு. நான் எழுதுனது தப்பு.”

அப்பா கஞ்சியைக் கீழே வைத்தார். “எதுல பாத்த?”

“கதிருல.”

“எங்க கதிரு?”

“நம்ம ஒம்பது மாவுல.”

“ஒடிச்சியா?”

“ஒண்ணே ஒண்ணுதாம்ப்பா. வெறும் சாவி.”

“சாவியோ நெல்லோ, அளக்குற வரைக்கும் அவங்க சாமான். ஒன்ன படிக்க வச்சது இதுக்கா?” என்றார்.

அந்த அறுப்பில் நாலு நாள் வேலைக்குப் போனார். ஐந்தாம் நாள் மார்புச் சளியோடு காய்ச்சல் கண்டது. திருவாரூர் அரசு மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தார். பத்தாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம், எடுப்பதற்காக.

ஆஸ்பத்திரிக்குப் போக இரவல் வண்டி கொடுத்த எதிர்வீட்டு மாமாவுக்கும், ஒன்பது நாளும் பாபநாசத்திலிருந்து பஸ்ஸில் சோறு கொண்டுவந்த அத்தானுக்கும், கோடித்துணியும் பாடையும் தங்கள் செலவில் செய்த சங்கத் தோழர்களுக்கும், அறுப்புக் கூலியை இழந்து அன்றைக்கு எங்களோடு நின்றவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்தக் கதிரைக் கல்லூரியில் அறுபத்து நான்காம் தாளாக ஒட்டியிருக்கிறேன். ‘சேகரித்தவர்’ என்ற இடத்தில் அப்பா பெயரைப் போடவில்லை. அவருக்குப் பொறுக்காது. என் பெயர்தான் இருக்கிறது.

இதோடு முடித்திருப்பேன். கருமாதிக்கு மறுநாள் அம்மா ஒன்று சொன்னார்கள். அறுப்பின் முதல் நாள் கூலி அளக்கும்போது அப்பா காரியக்காரரிடம் தாமாகவே போய், “என் புள்ள ஒரு கதிரு ஒடிச்சுட்டாங்க, கூலியில புடிச்சுக்குங்க” என்றாராம். காரியக்காரர் சிரித்து, “ஒரு கதிருக்கு என்னடா வெல போடுறது? படிச்ச புள்ள ஒடிச்சது. ஒரு மரக்காலாவே புடிச்சுக்குறேன்” என்றாராம். அப்பா தலையாட்டினாராம்.

ஆகவே நான் எழுதிய தாளுக்கும் நான் ஒடித்த கதிருக்கும் சேர்த்து எங்களுக்கு ஆனது: ஒன்பது மா குத்தகை, முப்பத்தாறு கலம், ஒரு மரக்கால்.