அடி அண்ணாமலை ரோட்டில் மூணு அடி வழி

அடி அண்ணாமலைக்கு அரை கிலோமீட்டர் முன்னால், ரோட்டில் பரப்பியிருந்த கொள்ளுச் செடியில் சறுக்கி சைக்கிளோடு விழுந்தேன். முழங்கை ஓரத்துக் கல்லில் பட்டது. இடுப்பு, கேரியரிலிருந்து எனக்கு முன்பே விழுந்திருந்த சாக்குக் கட்டின் மேல். முழங்கையில் ரத்தம், இடுப்பில் ஒன்றுமில்லை. இந்த வித்தியாசம் பின்னால் உதவியது.

இது 2006 தை மாதம், பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு. எனக்கு வேலூரில் பழைய சாக்கு வியாபாரம். தலையில் சுமந்து தெருத்தெருவாகப் போய் ஆரம்பித்தது, இப்போது சொந்தமாக ஒரு கிடங்கு இருக்கிறது, கூடவே சர்க்கரையும் இருக்கிறது. டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னார். திருவண்ணாமலை மண்டியில் சாக்கு பார்க்கிற வேலையும் இருந்தது. ஒரே நாளில் வேலையும் முடியும், மலையும் சுற்றியாகும் என்று கிளம்பினேன்.

காலை ஐந்தரை பஸ், டிக்கெட் 24 ரூபாய். எட்டு மணிக்குள் இறங்கிவிட்டேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாடகை சைக்கிள் ஒரு நாளைக்கு 30 ரூபாய், அட்வான்ஸ் 200. “பிரேக் புடிக்குமாப்பா?” என்று கேட்டேன். “புடிக்கும் சார். நீங்கதான் கொஞ்சம் முன்னாடியே நெனச்சுக்கணும்” என்றார் கடைக்காரர். மண்டியில் மாதிரிக்குப் பன்னிரண்டு சாக்கு எடுத்து கேரியரில் கட்டிக்கொண்டேன்.

செங்கம் ரோட்டில் முதல் இரண்டு கிலோமீட்டர்தான் பயம். தார் முடிகிற இடத்தில் அரை அடிப் பள்ளம். பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் சைக்கிள்காரன் அதில் இறங்கித்தான் ஆகவேண்டும். நான் நான்கு தடவை இறங்கினேன். வலது பக்கம் திரும்பியதும் புளியமர நிழல், மலை கூடவே வருகிறது, நெற்றியில் வேர்வை காய்கிறது. நன்றாக இருக்கிறதே என்று மலையைப் பார்த்தபடி மிதித்தபோதுதான் விழுந்தேன்.

“ரோட்டைப் பாத்து வரக்கூடாதாண்ணா?” என்று ஓடி வந்தவர் அலமேலு. ஒன்றரை ஏக்கர் கொள்ளு அவருடையது. பஸ் சக்கரம் ஏறினால் நெற்று வெடித்துக் கொள்ளு உதிரும், அதற்காகத்தான் ரோட்டை அடைத்துப் பரப்பியிருந்தார். ஓரத்தில் எதற்குக் கல் என்று கேட்டேன்.

“கேப் விட்டா பஸ்காரன் அதுல ஒரு சக்கரத்த எறக்கினு போயிடுவான். அப்புறம் எனக்குப் பாதிதான் அடிபடும்.”

அதற்குள் பால்காரர் ஏழுமலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முந்தின நாள் அதே இடத்தில் விழுந்து ஒரு கேன் பால் போயிருக்கிறது. “யக்கா, மதியத்துக்குள்ள நீ இத வாரலன்னா, நானே எல்லாத்தையும் கால்வாயில தள்ளிடுவேன். நேத்து கேன் போச்சு, நாளைக்கு என் பல்லு போவும்.”

“தண்ணி ஊத்துற பால்தான, இன்னா ஜாஸ்தி போயிடுச்சு?” என்றார் அலமேலு. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார், குரல் இறங்கிவிட்டது. “நாளைக்கே பௌர்ணமிக்கு மலை சுத்தி நடக்குற கூட்டம் வந்துடும்ணா. இன்னிக்கு அடிபடலன்னா டிராக்டர்தான் வைக்கணும். அந்தக் காசுக்கு நான் எங்க போவேன்?”

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். பஸ்ஸைத் தடுக்க ஒன்று வேண்டும், ஆனால் அது எலும்பை உடைக்கக்கூடாது. என் இடுப்பைத் தடவிப் பார்த்தேன். கோணி ஊசியும் சணலும் என் பையை விட்டு என்றைக்கும் போகாது. ஏற்கெனவே அடிபட்டு கொள்ளு உதிர்ந்துபோன சக்கையைச் சாக்குகளில் திணித்து, வாயைத் தைத்து, ஓரத்திலிருந்து இரண்டரை அடி உள்ளே தள்ளி வரிசையாக நிறுத்தலாம் என்றேன். சாக்குக்கு வெளியே இருக்கிற செடியை வாரிவிட்டால் அது சைக்கிளுக்கு வழி.

“பஸ்காரன் சாக்கு மேலயே ஏத்திடுவாண்ணா.”

“காலிச் சாக்குன்னா ஏத்துவான். வாய் தைச்ச மூட்டை மேல எந்த டிரைவரும் ஏத்தமாட்டான்மா. உள்ள இன்னா இருக்குதுன்னு அவனுக்குத் தெரியாது, சொந்தக்காரன் வந்து காசு கேப்பான்னு மட்டும் தெரியும்.”

மூவரும் சேர்ந்து கல்லை எடுத்து, மூட்டைகளை நிறுத்த முக்கால் மணி நேரம். பத்தரைக்கு பஸ் வந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தார்.

“யாரும்மா நடுரோட்டுல மூட்டைய வச்சது?”

“எங்களுதுதான், பாத்துப் போ சாமி!” என்றார் அலமேலு.

எல்லாச் சக்கரமும் கொள்ளு மேல். நெற்று வெடிக்கிற சத்தம் அடுப்பில் கடுகு பொரிகிற மாதிரி கேட்டது. ஏழுமலை கேனோடு ஓர வழியில் போய்ப் பார்த்தார். கேன் ஒரு மூட்டையில் இடித்தது, மூட்டைதான் சாய்ந்தது, அவர் சாயவில்லை. இறங்கி வந்து சொன்னார்: “இன்னும் அரை அடி விடுக்கா.”

ஊருக்குள் சைக்கிள் ஓட்ட ரோட்டை அகலப்படுத்த வேண்டும் என்கிறார்கள். மலையைச் சுற்றி முடித்து வரும்போது எனக்குத் தோன்றியது, செங்கம் ரோட்டிலும் இந்த மூணு அடிதான் கேட்கிறோம். பஸ் வராத மூணு அடி, பள்ளம் இல்லாத மூணு அடி.

போகிறவர்களுக்கு: காலை ஏழரைக்குள் கிளம்புங்கள், மொத்தம் 14 கிலோமீட்டர், நின்று நின்று போனால் மூன்று மணி நேரம். பௌர்ணமியன்று சைக்கிள் வேண்டாம். தை, மாசியில் ரோட்டில் செடி கிடந்தால் இறங்கித் தள்ளுங்கள், செயினில் சுற்றினால் எடுக்க அரை மணி ஆகும்.

அலமேலுவிடம் பேசி முடித்தது இது: சாக்கு பன்னிரண்டும் அவருக்கு. இடது ஓரம் மூணு அடி சைக்கிளுக்கு. கல் வைக்கக் கூடாது, இருட்டுவதற்குள் ரோட்டைக் கூட்டிவிட வேண்டும். எனக்கு இரண்டு படி கொள்ளு.