கேள்வி கேட்காத விசை

சண்டைக்குப் பயந்து சம்பூர் ஆட்கள் ஊரைவிட்டு ஓடிய வருடம், திருகோணமலை நகரத்தில் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருந்த ஒரு நிவாரண அலுவலகத்தில் நான் கணினி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இடம்பெயர்ந்த குடும்பங்களின் பட்டியலை நாங்கள் கொழும்பில் இருந்த ஒரு பெரிய கணினியில் ஏற்றவேண்டும். எங்களுக்கும் அதற்கும் நடுவில் இருந்தது ஒரு தொலைபேசி இணைப்பு மட்டும்தான். துறைமுகப் பக்கம் ஷெல் சத்தம் கேட்டால் மின்சாரம் போகும். மின்சாரம் போகாத நாட்களில் இணைப்பு அறும்.

இதற்கு நான் கண்டுபிடித்த மருந்து ஒரு சிறிய மென்பொருள். அது ஒரே டெர்மினல் திரைக்குள் பல சாளரங்களைத் திறந்து தரும். இங்கே இணைப்பு அறுந்தாலும் கொழும்பில் அந்தச் சாளரங்கள் திறந்தபடியே இருக்கும். திரும்பப் போய், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டு பேர் இரண்டு மேசைகளில் இருந்துகொண்டு ஒரே சாளரத்தைப் பார்க்கவும் முடியும். அதை அப்படியே விட்டிருக்கலாம். எனக்கோ கை சும்மா இருக்காது. அதன் அமைப்புக் கோப்பைத் திறந்து சீவிச் சிங்காரிக்கத் தொடங்கினேன். திரையின் அடியில் பச்சை நிறத்தில் ஒரு பட்டி, அதில் சாளரங்களின் பெயர்கள், பக்கத்தில் மணி. இரண்டு மூன்று விசைகளை அழுத்திச் செய்யவேண்டியதை எல்லாம் விசைப்பலகையின் மேல் வரிசையில் ஒற்றை விசைகளுக்கு மாற்றினேன். இரண்டாவது விசை அடுத்த சாளரத்துக்கு, மூன்றாவது முந்திய சாளரத்துக்கு, நான்காவது மூடுவதற்கு. மூடுமுன் ‘நிச்சயமாகவா?’ என்று அது ஒரு கேள்வி கேட்கும். என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியாதா என்ற எரிச்சலில் அந்தக் கேள்வியையும் எடுத்துவிட்டேன்.

பட்டியலை ஏற்றியவர் என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அக்கா. முன்பு தட்டெழுத்தாளராக இருந்தவர். சம்பூரில் பிறந்து நகரத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய தங்கை, தங்கையின் கணவர், இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேர் சம்பூரிலிருந்து வெளிக்கிட்டு மூன்று கிழமையாகியும் ஒரு தகவலும் இல்லை. வெருகல் பக்கம் கண்டதாக ஒருவர் சொன்னார். இன்னொருவர் அது வேறு ஆட்கள் என்றார். அக்கா ஒவ்வொரு பட்டியலையும் அவர்களைத் தேடிக்கொண்டேதான் தட்டினார்.

தொலைபேசியில் வரும் பெயர்களை முதலில் கொப்பியில் எழுதி, பிறகு கணினியில் ஏற்றுவது அவர் வழக்கம். ஒரே சோற்றை இரண்டு தரம் வடிக்கிறீர்கள் என்று நான்தான் பகிடி பண்ணினேன். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு நேரே தட்டச் சொல்லிக்கொடுத்தேன். அரைமனதோடு சம்மதித்தார். வேலை பாதி நேரத்தில் முடிந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒரு நாள் காலை, ஓடிய சனம் ஒதுங்கியிருந்த வாகரையில் நின்ற எங்கள் அலுவலர் சற்றலைற் போனில் வந்தார். அவர் கையில் பட்டியல் இல்லை. மரங்களுக்குக் கீழே இருந்தவர்களைக் கேட்டுக் கேட்டு, குடும்பத் தலைவரின் பெயர், ஊர், எத்தனை பேர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். அக்கா தட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் நிரம்பினால்தான் அந்தப் பட்டியல் சேமிக்கப்படும். நான் என் மேசையில் இருந்தபடி அவருடைய சாளரத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எனது கடிதச் சாளரத்துக்குத் திரும்பிவிட்டதாக நினைத்து நான்காவது விசையை அழுத்தினேன். நான் திரும்பியிருக்கவில்லை. அக்காவின் சாளரம், சேமிக்காத பெயர்கள் அத்தனையோடும், மூடிக்கொண்டது.

பொறுக்கச் சொல்லி அக்கா போனில் கூப்பிட்டார். சொல்லி முடிக்குமுன் அங்கே பற்றரி தீர்ந்துவிட்டது. மறுநாள் அந்த இடத்தில் ஷெல் விழுந்து சனம் கலைந்துபோனது என்று பின்னால் அறிந்தோம். அந்த மரங்களுக்குக் கீழே யார் யார் இருந்தார்கள் என்று கேட்க அதன்பிறகு வழியிருக்கவில்லை.

அக்கா என்னை ஏசவில்லை. கதிரையை என் பக்கம் திருப்பினார்.

“தம்பி, கடைசிக்கு முந்தின வரியில என்ர தங்கச்சியின்ர மனுசன்ர பேர் வந்தது. ஊரும் சரி. பேரைக் கேட்டதோட அந்த வரியில மிச்சம் ஒண்டும் எனக்கு மண்டையில ஏறேல்ல, கைதான் அடிச்சது. உங்கட திரையிலயும் அது வந்திருக்கும்தானே. நாலு பேரோ, மூண்டு பேரோ?”

அந்த வரி என் கண்ணுக்கு முன்னால்தான் விழுந்திருக்கிறது. நான் அதை வாசிக்கவில்லை. பச்சைப் பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் மணி சரியாக மாறுகிறதா, அவருடைய சாளரத்தின் பெயர் நடுவில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கவனிக்கவில்லை என்று சொன்னேன். அந்த நேரம் என்மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

அக்கா புதிய பக்கம் ஒன்றைத் திறந்து, ஞாபகத்திலிருந்து எல்லாப் பெயர்களையும் திரும்பத் தட்டினார். யாருக்கு எத்தனை பேர் என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது. தங்கையின் கணவருடைய வரிக்கு வந்ததும் பெயரையும் ஊரையும் தட்டிவிட்டு நிறுத்தினார். இப்போதைக்கு நாலு என்று போடுங்கள், பிறகு திருத்தலாம் என்றேன்.

“நாலு எண்டுதான் என்ர மனம் சொல்லுது. அது காதில விழுந்ததோ, என்ர ஆசையோ தெரியாது. தெரியாததை அடிக்க ஏலாது.”

அந்த இடத்தை வெறுமையாக விட்டு அடுத்த பெயருக்குப் போனார். நான் அமைப்புக் கோப்பைத் திறந்து, நான் எடுத்துவிட்ட ‘நிச்சயமாகவா?’ என்ற கேள்வியைத் திரும்பப் போட்டேன். அதனால் இனி யாருக்கும் பயனில்லை என்று தெரிந்துதான் போட்டேன்.

பின்னேரம் கொழும்பிலிருந்து பேசினார்கள். ஒரு குடும்பத்துக்கு மட்டும் ஆள்தொகை ஏன் இல்லை என்று கேட்டார்கள். வாகரைப் போன் தெளிவில்லை, அந்த இடத்தில் குரல் விட்டுப்போய்விட்டது என்று சொல்லி வைத்தேன்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“போன் தெளிவாத்தான் இருந்தது, தம்பி” என்றார்.