ஐந்தாவது ஆள்

விருதுநகரில் நான் பழைய கார் சாமான் கடை வைத்திருந்தபோது தாயில்பட்டியிலிருந்து ஒருவர் வருவார். பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேன். புருவம் கருகிப்போன முகம். தன் அம்பாசடர் எஞ்சினை வீட்டிலேயே பிரித்துக் கோத்துக்கொண்டிருந்தார். சம்பள வாரத்துக்கு ஒரு சாமான், அதுவும் பழசாகப் பார்த்துத்தான் வாங்குவார்.

கடைசியாகப் பாக்கியிருந்த ஃபேன் பெல்ட்டை நானே அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கார் நின்ற கொட்டகை வாசலில் ஈரச்சாக்கு விரித்திருந்தது. என் புது செல்போனை வெளியிலேயே வைக்கச் சொன்னார். வெறுங்காலோடு நின்று மரச்சுத்தியலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். கம்பெனிப் பழக்கம் வீட்டிலும் விடாது போல என்று சிரித்துக்கொண்டே காலை எடுத்து வைத்தேன்.

“பாய், அங்கனயே நில்லுங்க. கம்பெனி ரூல்படி ஒரு ரூமுக்கு நாலு பேருதான இருக்கணும்? உள்ள ஏற்கனவே நாலு பேரு இருக்கோம்ல.”

கொட்டகையில் அவர் மட்டுமே இருந்தார்.

அந்தக் காரில் அவரோடு தினமும் வேலைக்குப் போன மூன்று பேர், போன சீசனில் ஒரே அறையில் கருகிச் செத்தது ஊருக்கே தெரியும். நான் சாக்கில் நின்றபடியே பெல்ட்டை நீட்டினேன்.

அரைமணி நேரத்தில் எஞ்சின் ஓடியது. தையல் மிஷின் மாதிரி அம்புட்டுச் சீரான சத்தம். அதை ஓடவிட்டு அவர் வெளியே வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

“இப்ப நீங்க உள்ள போங்க பாய். நான் வெளிய வந்துட்டேன்ல, ஒரு ஆளுக்கு இடம் இருக்கு.”

என் கால் சாக்கைத் தாண்டவில்லை. எத்தனையோ எஞ்சின்களின் சத்தத்தைக் கேட்டுப் பழுது சொன்னவன் நான். அன்று அந்தச் சத்தத்துக்குள் யாராவது பேசுகிறார்களா என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.