ஏழாம் வாசகம்

என் மனைவியின் நாடு இரண்டாக உடைந்தபோது நாங்கள் மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஒரு வெடிச்சத்தமும் இல்லாமல் உடைந்ததாம். "இப்பிடியும் ஒரு நாடு பிரியுமா?" என்று கந்தோரில் கூட வேலை செய்பவர்கள் கேட்டார்கள். எனக்கென்ன தெரியும்?

நான் புலமைப்பரிசிலில் அவளுடைய நாட்டுக்கு, பிராட்டிஸ்லாவாவுக்கு நீர்ப்பாசனம் படிக்கப் போய், ஸ்லோவாக் மொழியையும் அவளையும் கூட்டிக்கொண்டு வந்தவன். ஊரில் நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை. வாய்க்கால்களோ வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். யுத்தமென்று அங்கே போக எங்களுக்கு அனுமதி கிடையாது. கண்ணால் காணாத வாய்க்கால்களுக்கு அறிக்கை எழுதியே என் நல்ல வயது போயிற்று.

அவளுடைய தங்கை போட்ட கடிதம் சோதனைக்காக உறை வெட்டி ஒட்டப்பட்டு வந்து சேர்ந்தது. உள்ளே அங்கத்தைய குடியுரிமைச் சட்டத்துக்கு வரப்போகும் திருத்தம், கையால் பார்த்தெழுதிய எட்டுப் பக்கம். பழைய கடவுச்சீட்டு இனிச் செல்லாது. குறித்த தவணைக்குள் நேரில் வந்து கேட்பவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் புதிய குடியுரிமை. அதே மாதம் இங்கேயும் வெளிநாட்டு மனைவிமாரின் விசாவுக்குத் திருத்தம் வருகிறதென்று ஆங்கிலப் பத்திரிகையின் ஒரு மூலையில் கிடந்தது. அவள் போனால் திரும்பி வர இந்த நாடு விடுமா என்பது அதில் தெளிவில்லை. போகாவிட்டால் அவளுக்கு நாடே இல்லை. மகளுக்கு அப்போது ஏழு வயது.

அந்த நாட்களில் ஹர்த்தாலுக்குக் குறைவில்லை. கந்தோரும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. அவள் கலியாணத்துக்கு முன் தன் ஊர் நகரசபையில் வேலை செய்தவள், சட்டமென்றால் விட மாட்டாள். குசினியில் சாப்பாட்டு மேசையில் கடதாசிகளைப் பரப்பி வைத்து, நிறைவேறினால் என்ன, நிறைவேறாவிட்டால் என்ன என்று இலக்கமிட்ட ஒவ்வொரு வாசகமாகப் பேசுவோம். பேச்சு ஆங்கிலத்தில் தொடங்கும். மகளின் பெயர் வந்ததும் ஸ்லோவாக்குக்கு மாறிவிடும். பிறகு சத்தம் ஏறும். வேலிக்கு அந்தப் பக்கத்து மாமி ஒருநாள் சொன்னா: "இங்கிலீசு கேட்டாப் பறுவாயில்ல தம்பி. மத்தப் பாசை கேட்டாத்தான் எனக்கு நெஞ்சு இடிக்கிது."

எட்டுப் பக்கத்தையும் பேசினோம், ஏழாம் வாசகத்தைத் தவிர. விண்ணப்பிப்பவரின் கணவனோ மனைவியோ வேறு நாட்டவராக இருந்தாலும் கூடவே வந்து குடியிருக்கலாம் என்பது அது. முதல் நாளே வாசித்துவிட்டேன். அவள் ஆறை முடித்தால் நான் எட்டைத் தொடங்குவேன். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. கவனிக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். மடையன்!

ஏன் மறைத்தேனென்றால், என் அக்காவுக்காக. அவவின் கணவரை, என் அத்தானை, ஆமி சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய் எட்டு மாதமாகியிருந்தது. ஒவ்வொரு புதன்கிழமையும் அத்தான் எங்கே என்று கேட்டு நான் ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதுவேன், அக்காவும் நானும் முகாம் வாசலில் கொண்டுபோய்க் கொடுப்போம். வாங்கி வைப்பார்கள். அவ்வளவுதான். நானும் போய்விட்டால் அக்காவுக்கு யார்?

தங்கையின் கடிதத்தைப் பிரதி எடுக்க இருவருமாக ரவுண் கடைக்குக் கொண்டுபோன அன்று சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டோம். என்ன மொழி என்று கேட்டான் ஆமிக்காரன். சொன்னேன். அப்படியொரு மொழி இருப்பதாக அவன் கேள்விப்பட்டதில்லை. பெரியவரைக் கூப்பிட்டான். அந்த அதிகாரி எட்டுப் பக்கத்தையும் புரட்டிவிட்டு, முழுதையும் ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி சொன்னார். ஒரு மர வாங்கில் உட்கார வைத்து, பேனையும் கொடுத்தார்கள். அவள் பக்கத்தில் இருந்தாள்.

ஏழாம் வாசகம் வந்ததும் கை நின்றது. விட்டுவிடலாமா? எண்களை எண்ணிப் பார்த்தார்களென்றால்? ஒன்றை ஒளித்தான் என்று பிடித்தால் அத்தானுக்குப் பக்கத்தில் எனக்கும் இடம் கிடைக்கும். எழுதினேன். பெண்சாதியிடம் ஒளித்ததை ராணுவத்துக்குத் தெளிவான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாயிருக்கிறது.

அதிகாரி ஆறுதலாக, அவசரமில்லாமல் வாசித்தார். பல நாள் நித்திரையில்லாத கண்கள். ஏழாவதில் விரலை வைத்து, "நீங்களும் போகலாமே, ஏன் போகவில்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அதட்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் பேனையை மூடி அவரிடம் நீட்டினேன். அவர் கடதாசிகளைத் திருப்பித் தந்துவிட்டார்.

பாலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். ஆங்கிலத்திலோ ஸ்லோவாக்கிலோ வெடிப்பாளென்று எதிர்பார்த்தேன். அவள் தமிழில் பேசினாள்.

"எனக்கு முதல் நாளே தெரியும். நீங்க எப்ப சொல்லுவீங்களெண்டு பாத்துக்கிட்டு இருந்தன்."

பிறகு சொன்னாள்: "ஒங்கட ஊரில கலியாணம் முடிச்சா மாப்பிளதானே பொண்டாட்டி ஊட்ட வந்து இரிக்கிற? என்ட ஊடு அங்க கிடக்கு. வாங்க."

உண்மைதான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள், ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவான். அக்காவின் வீட்டுக்கு அத்தானும் அப்படித்தான் வந்தார்.

"அக்காவுக்கு நான் வேணும்" என்றேன்.

"அவ சொன்னாவா?"

"ஓம்."

பச்சைப் பொய். நான் அக்காவிடம் கேட்கவேயில்லை. அக்கா ஒரு பக்கம் இருக்க, எனக்குக் களைப்பும்தான். இன்னொரு நாட்டில் இன்னொரு வரிசையில் அந்நியனாக நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்க என்னிடம் சீவன் இல்லை. அதைச் சொல்லியிருந்தால் அவள் சண்டை பிடித்திருப்பாள், ஒருவேளை இழுத்துக்கொண்டும் போயிருப்பாள். அக்காவின் பெயரைச் சொன்னதும் அதோடு விட்டுவிட்டாள்.

தவணைக்கு இரண்டு கிழமை இருக்க அவளும் மகளும் போனார்கள். அதற்குள் அங்கே திருத்தம் ஒரு சொல்லும் மாறாமல் நிறைவேறியிருந்தது. இங்கத்தைய திருத்தம் என்னவானதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த புதன்கிழமை மனு எழுத அக்கா வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணியை வைத்துவிட்டு, "நீ ஏன்டா போகல்ல?" என்று கேட்டா.

"ஒனக்காகத்தான்."

"நான் கேட்டனா?"

நான் பேனையைத் திறந்தேன். அக்கா விடவில்லை.

"மனு எழுத இந்த ஊரில ஒருத்தருமில்லையா? என்ட மனிசன் எங்க இரிக்காரெண்டு எனக்குத் தெரியாடா. தெரிஞ்சா நான் நடந்தே போயிரிப்பன். ஒன்ட பிள்ளை எங்க இரிக்காளெண்டு ஒனக்குத் தெரியும். தெரிஞ்சும் இஞ்ச குந்திக்கிட்டு இரிக்காய்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டா. நான் மனுவில் அன்றைய திகதியைப் போட்டேன்.