பாதியில் நின்ற நாவல்

மடியில் பழைய நாவலோடு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். டீசல் நெடி ஏறியதும் அக்கா நினைவில் வந்துவிட்டாள்.

எழுபதுகளில் அவள் பரளச்சியிலிருந்து திருச்சுழிப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வேலைக்குப் போய்வந்தாள். வீட்டில் புத்தகத்தைத் தொட்டாலே பருத்தி பிரிக்கக் கூப்பிடுவார்கள். அதனால் நூலகத்தின் தடித்த பழைய நாவல்களையெல்லாம் பஸ்ஸிலேயே, ஜன்னலோரம் உட்கார்ந்து படித்து முடிப்பதாகச் சபதம் போட்டிருந்தாள்.

பரிசம் போட்ட பெண் ஊர் தாண்டக் கூடாது என்று அப்பா அவளை நிறுத்திவிட்டார். கையிலிருந்த நாவல் பாதியில் நின்றது. மிச்சத்தை நான் படித்துவிட்டு, மறுவீட்டுக்கு வந்தவளிடம் சொல்லப் போனேன்.

"முடிவச் சொல்லிறாத தம்பி. ஒரு நா பஸ்ஸுல வந்து நானே படிச்சுக்கிறேன்" என்றாள்.

முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள்.

அந்த நாவல்தான் இது. கடைசி அத்தியாயம் வந்ததும், ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன்.